விரிகிராஃபைட் விரியாமல் போவது எதனால்?

கிராஃபைட்டின் கார்பன் அடுக்குகளுக்கு இடையே இருப்பது 0.335 நானோமீட்டர் இடைவெளி. அதற்குள் கந்தக அமிலத்தைப் புகுத்தினால் கிடைப்பது இடைச்செருகல் சேர்மம். அதைக் கழுவி உலர்த்தினால் கிடைப்பதே விரிகிராஃபைட். அதைச் சட்டென்று சூடாக்கினால் உள்ளே இருப்பது வாயுவாகி அடுக்குகளைப் பிளக்கும். கிராஃபைட் செதில் புழுவைப்போல நெளிந்து, நூறு மடங்குக்கும் மேல் விரியும். ஆனால் வாயு ஓரங்களின் வழியே கசிவதைவிட வேகமாக உண்டாக வேண்டும். இதை மறந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கறுப்புத் தூள்தான் மிஞ்சும்.

முதல் தவறு உலைக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. பொடி நுண்ணியதாக இருந்தால் வினை விரைவாக நடக்கும் என்று கிராஃபைட்டை அரைத்துவிடுகிறார்கள். அமிலம் விரைவாக நுழையும், உண்மைதான். நுழைந்த வழியிலேயே வாயுவும் விரைவாக வெளியேறிவிடும். 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய செதில்கள்தான் நன்றாக விரிகின்றன. என்னைக் கேட்டால், நல்ல செதிலை அரைப்பவரை எந்தச் செய்முறையாலும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது, அடர் கந்தக அமிலத்தில் ஊறவைத்தாலே போதும் என்ற நம்பிக்கை. அடுக்குகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்க ஓர் ஆக்சிஜனேற்றி வேண்டும்: நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை. அல்லது கிராஃபைட்டையே நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தலாம். பெராக்சைடு கரைசலில் பெரும்பகுதி நீர் என்பதால், அதைத் தாராளமாக ஊற்றினால் அமிலம் நீர்த்து இடைச்செருகல் நின்றுவிடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை அளவுக்கு மீறிச் சேர்த்தால் கிராஃபைட் ஆக்சைடை (அடுக்குகளில் ஆக்சிஜன் பிணைந்த வடிவத்தை) நோக்கிப் போய், மின்கடத்தும் திறன் குறையும். அதோடு, அடர் கந்தக அமிலத்துடன் அது உண்டாக்கும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு வெடிக்கக்கூடியது.

கழுவும்போது கலவையைக் குளிர்ந்த நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தின்மேல் நீரை ஊற்றக் கூடாது. அரைகுறையாகக் கழுவினால் எஞ்சும் அமிலம், பின்னால் அந்தக் கிராஃபைட்டில் செய்யும் கேஸ்கெட் (குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) தொடுகிற எஃகை அரிக்கும். உலர்த்த 60 டிகிரி செல்சியஸ் போதும்.

பொறுமை கெடுதலாகும் இடம் உலை. குளிர்ந்த உலையில் வைத்து மெல்லச் சூடேற்றினால், ஏறத்தாழ 200 டிகிரியிலிருந்தே வாயு அமைதியாகக் கசியத் தொடங்கும். முன்பே 900 டிகிரிக்குக் கொண்டுவந்த உலையில் சில விநாடிகள் வைப்பதே முறை. மூடிய பாத்திரம் ஒருபோதும் கூடாது. ஒரு கிராம், 200 மில்லிலிட்டருக்கும் மேல் இடம் கேட்கலாம்; கூடவே கந்தக டை ஆக்சைடும் வரும் என்பதால் புகைபோக்கி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அமிலத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தை அடுக்குகளுக்குள் புகுத்திய சேர்மங்களுக்கு இந்த நடைமுறை எதுவும் பொருந்தாது. எட்டுக் கார்பனுக்கு ஒரு பொட்டாசியம் உள்ள வெண்கல நிறச் சேர்மம் காற்றுப் பட்டாலே தீப்பற்றும். ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள்தான் அதைக் கையாள வேண்டும். நீரில் கழுவும் பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக, விரிந்த புழுக்களைக் கிராஃபீன், அதாவது ஒற்றைக் கார்பன் அடுக்கு, என்று எழுதும் தவறு. படிக அடுக்குகளைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்புவிளைவுச் சோதனையைத் தாமிரத்தின் எக்ஸ் கதிரால் செய்தால், 26.5 டிகிரி கோணத்தில் (2θ) கிராஃபைட்டின் உச்சி அப்படியே தெரியும். புழுவின் சுவர்கள் இன்னும் பல அடுக்குகள் கொண்ட கிராஃபைட்தான்.