ஆராவை ஸ்கேனரில் பிடிக்க வேண்டுமா? முதலில் பேனாவை எடுங்கள்

எம்.ஆர்.ஐ. கன்சோல் முன்னால் 14 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு, ஆராவோடு, அதாவது வலிக்கு முன்னால் பார்வையில் ஒரு கோளாறோடு, வருகிற வகை. ஃபைலைப் படித்துக்கொண்டிருப்பேன்; ‘முருகேசன்’ என்ற பெயரில் ‘கே’ மட்டும் காணாமல் போயிருக்கும். அப்புறம் அந்த ஓட்டையைச் சுற்றி ரம்பப் பல் மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். அது வளைந்து, பெரிதாகி, 20 நிமிடத்தில் இடது ஓரமாக வெளியேறிவிடும். பின்னாலேயே வலி வரும்.

“ஆரா வரும்போதே ஸ்கேன் எடுக்கணும், எப்படி மேடம்?” என்று ஆராய்ச்சி மாணவர்கள் கேட்பார்கள். முதலில் வரையக் கற்றுக்கொடுங்கள் என்பேன்.

வெள்ளைத் தாளின் நடுவில் சின்னதாக ஒரு கூட்டல் குறி போடுங்கள். ஆரா தொடங்கியதும், தாளை எப்போதும் ஒரே தூரத்தில் வைத்து, இரண்டு கண்ணையும் திறந்து, குறியை விட்டுப் பார்வையை நகர்த்தாமல், மினுமினுப்பின் விளிம்பை வரைய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு கோடு; பக்கத்தில் மணி. நடுவில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. எதை மூடினாலும் அது அப்படியே தெரிந்தால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில்.

இது விளையாட்டு வேலை இல்லை. கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் ஆராவை இப்படித்தான் வரைந்து, பார்வைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில் பார்வையைக் கவனிக்கிற பகுதி) ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941-இல் கணக்குச் சொன்னார். 20 நிமிடம் என்றால் 6 சென்டிமீட்டர். 1944-இல் அரிஸ்டிடீஸ் லியோ என்ற பிரேசில் ஆய்வாளர் முயலின் மூளையில் ஒரு அலையைக் கண்டார். அது போகிற இடமெல்லாம் மின்செயல் அடங்கியது. அதன் வேகமும் ஏறக்குறைய இதுதான். உங்கள் தாளில் கோடுகள் ஓரத்துக்குப் போகப் போக விலகி விழும். அலை வேகமெடுத்தது என்று நினைக்காதீர்கள். நடுப்பார்வைக்குப் புறணியில் இடம் அதிகம், ஓரப்பார்வைக்குக் கொஞ்சம்தான்.

சரி, ஸ்கேனருக்கு வருவோம். ஆரா பெரும்பாலும் 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். “வந்தால் போன் பண்ணுங்க” என்று சொல்லிக் காத்திருந்தால் கதை நடக்காது. ஒரு முறை அப்படி ஓடிவந்த ஒருவருக்கு ஜரிகைப் புடவை, கொண்டை ஊசி, மெட்டி எல்லாம் கழற்றி, தலையில் ‘காயில்’ என்கிற சிக்னல் பிடிக்கும் கூண்டை மாட்டுவதற்குள் மினுமினுப்பு போயே போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்தது அழகான, நார்மலான மூளைப் படம்.

அதனால், எது செய்தால் ஆரா வரும் என்று தெளிவாகத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு ஆய்வுக் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்களில் ஒருவருக்குக் கூடைப்பந்து ஆடினால் ஆரா வரும். சுமார் 80 நிமிடம் ஆடவிட்டு, நேராக ஸ்கேனருக்குள் படுக்கவைத்தார்கள். அந்தப் படங்களில் அலையின் வேகம் நிமிடத்துக்குச் சராசரியாக 3.5 மில்லிமீட்டர். லாஷ்லியின் தாளுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்!

சம்மதப் படிவம், உடம்புக்குள் பேஸ்மேக்கர், அறுவை சிகிச்சை கிளிப் இருக்கிறதா என்ற விசாரணை எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். எழுத்தே தெரியாத நேரத்தில் கையெழுத்து வாங்குவது நியாயமும் இல்லை. அவருடைய பார்வைப் புறணியில் எந்த இடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற வரைபடத்தையும் வேறொரு நாளில் எடுத்து வையுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் உலோகம் இல்லாத கண்ணாடி தயாராக இருக்கட்டும்.

ஆரா இல்லாதபோது முதல் ஸ்கேன், பிறகு ஆராவோடு. திரையில் செஸ் போர்டு கட்டங்களை மினுக்கிக் காட்டி, நிறுத்தி, மறுபடி காட்டுவோம். நார்மலான புறணியில் சிக்னல் ஒவ்வொரு முறையும் எழும்பி அடங்கும். அலை தொட்ட இடத்தில் சிக்னலின் அடிப்படை அளவு சில நிமிடம் ஏறி, பிறகு இறங்கும். கட்டங்களுக்கான எழுச்சியும் சுருங்கிவிடும். ஆரா எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லச் சொல்லாதீர்கள், பேசினால் தலை ஆடும். கையில் பட்டன் கொடுங்கள்: தொடங்கும்போது ஒரு தரம், ஓரத்தைத் தாண்டும்போது ஒரு தரம். இன்னொரு கையில் அவசரத்துக்கு அழுத்துகிற ரப்பர் பல்ப். மல்லாந்து, தலை அசையாமல் படுத்திருக்கும்போது வாந்தி வந்தால் ஆபத்து. பல்பை அழுத்தினால் ஸ்கேனை நிறுத்திவிட்டு உடனே மேசையை வெளியே இழுங்கள். டேட்டா போனால் போகட்டும்.

வேகத்தை அளக்கும்போது படத்தில் நேர்கோடு போடாதீர்கள். புறணி மடிப்பு மடிப்பாக இருக்கிறது. பீரோவில் மடித்து வைத்த புடவையை அளந்துவிட்டு நீளம் ஒரு அடி என்று சொல்வது போலாகும். ஃப்ரீசர்ஃபர் இலவச மென்பொருள்தான், அதில் புறணியை விரித்து, அந்தப் பரப்பின் மேல் அளந்து பாருங்கள். பட்டன் நேரத்தையும் பழைய தாள்களில் உள்ள மணியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. முதன்முதலாக ஆரா வந்தவரையோ, கை கால் பலவீனத்தோடு வந்தவரையோ ஆய்வுக்குப் படுக்கவைக்காதீர்கள். பக்கவாதமா என்று பார்க்க நேராக எமர்ஜென்சிக்கு அனுப்புங்கள்.

முடிந்ததும் விளக்கை அணைத்து, தண்ணீரும் வாந்தி எடுக்கக் கிட்னி ட்ரேயும் பக்கத்தில் வைத்து, அவரை ஒரு மணி நேரமாவது படுக்க விடுங்கள். வலி அப்போதுதான் தொடங்கும். வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போடுங்கள்.