அணிகளை அடையாளம் காண்பது எப்படி?

ஒரு செய்யுளைக் கொடுத்து அதில் பயின்று வந்துள்ள அணியைக் கேட்டால், மாணவர்களில் பலர் முதலில் தேடுவது 'போல' என்னும் சொல்லைத்தான். அது இருந்தால் உவமையணி, இல்லாவிட்டால் உருவக அணி என்று எழுதிவிடுகிறார்கள். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள், அதாவது பொருளால் அமையும் அணிகள், மட்டுமே 35. அத்தனையையும் மனப்பாடம் செய்தால்தான் அணியை அறியலாம் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் அணிகளில் பெரும்பாலானவை ஒப்புமையிலிருந்து கிளைத்தவை என்பதால், அந்த ஒப்புமையின் உறுப்புகளில் புலவர் எவற்றைச் சொல்லியிருக்கிறார், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று பார்க்கப் பழகினாலே போதும்.

உறுப்புகள் நான்கு. சொல்ல வந்த பொருள், அதற்கு ஒப்பாகக் காட்டும் உவமை, இரண்டுக்கும் உள்ள பொதுத்தன்மை, இரண்டையும் இணைக்கும் உவம உருபு. "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை" என்னும் குறளில் பொறுமை பொருள், நிலம் உவமை, தீங்கு செய்தவரையே தாங்குதல் பொதுத்தன்மை, 'போல' உருபு. நான்கும் வெளிப்படையாக இருப்பதால் இது உவமையணி. பொதுத்தன்மையை எடுத்துச் சொல்லத் தடுமாறுவோருக்குத் தொல்காப்பியத்தின் உவமவியல் கைகொடுக்கும். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்கிறது அது. புலி போலப் பாய்ந்தான் என்பது வினை, மழை போன்ற வள்ளன்மை என்பது பயன், துடி போன்ற இடை என்பது வடிவாகிய மெய், பவளம் போன்ற வாய் என்பது நிறமாகிய உரு. எந்த உவமையைக் கண்டாலும் இந்த நான்கில் எது என்று கேட்டுப் பார்க்கலாம்.

உருபு மட்டும் இருந்தால் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "மழை வரும் போலிருக்கிறது" என்பதில் இருப்பது ஊகம். "தம்பியும் அண்ணனைப் போல உயரம்" என்பதில் ஒப்பீடு உண்டு, ஆனால் அது வெறும் தகவல். வேறு வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு பொருள்களை ஒரு தன்மை பற்றி அருகருகே நிறுத்தும்போதுதான் அணி என்று சொல்லத்தக்க அழகு பிறக்கிறது.

இனி, உருபை மட்டும் நீக்கிவிட்டு உவமையையும் பொருளையும் தனித்தனித் தொடர்களாக நிறுத்தினால் அது எடுத்துக்காட்டு உவமையணி. "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு" என்னும் முதற்குறளிலேயே இதைக் காணலாம். இரு தொடர்களுக்கு நடுவே 'அதுபோல' என்று சேர்த்துப் படித்துப் பாருங்கள். பொருள் இயல்பாகப் பொருந்தினால் ஐயம் தீர்ந்துவிடும்.

அடுத்தது உருவகம். உவமையும் பொருளும் வேறல்ல, ஒன்றே என்று சொல்வது இது. மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான், அதற்குக் காரணம் சொற்களின் வரிசை. 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம் என்று விரியும், ஆகவே அது உருபு மறைந்து நிற்கும் உவமைத்தொகை. 'முகமலர்' என்றால் முகமாகிய மலர் என்று விரியும், ஆகவே அது உருவகம். உவமை முன்னே நின்றால் உவமைத்தொகை, பொருள் முன்னே நின்றால் உருவகம் என்று நினைவில் கொள்ளலாம். இரண்டு கருத்துகளில் ஒன்றை உருவகம் செய்து, அதனோடு தொடர்புடைய மற்றொன்றை உருவகம் செய்யாமல் விடுவது ஏகதேச உருவக அணி. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்பதில் பிறவி கடலாகிவிட்டது. ஆனால் கடலைக் கடத்தும் தெப்பமாக இறைவன் அடியைச் சொல்லாமல், அதை நம் மனத்துக்கே விட்டுவிடுகிறார் வள்ளுவர்.

எனக்கு மிகவும் பிடித்தது பிறிது மொழிதல் அணி. இதில் சொல்ல வந்த பொருளே இராது, உவமை மட்டும் தனித்து நிற்கும். "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்" என்னும் குறளில், மயில் தோகையே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. இந்தக் குறள் எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வலியறிதல். மெலியவர் என்று எண்ணிப் பலரைப் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்று சேரும்போது வலியவனும் வீழ்வான் என்னும் கருத்து அப்போது தெளிவாகும். ஆகவே பாடல் எந்தச் சூழலில் வருகிறது என்று அறியாமல் இந்த அணியை முடிவு செய்யக் கூடாது. "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று வீட்டில் சொல்லும்போது அங்கே யாரும் அம்மியைப் பற்றிப் பேசவில்லை, நாம் பழகிய பழமொழிகள் பலவும் இந்த அணியின் வழியில் நடப்பவையே.

தற்குறிப்பேற்ற அணியில் 'போல' மீண்டும் வந்து குழப்பும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும் இடத்தில், "போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்று வருகிறது. மதில்மேல் கொடி அசைவது காற்றினால். புலவரோ, வர வேண்டாம் என்று அது கைகாட்டித் தடுப்பதாகச் சொல்கிறார். இங்கே உருபு இருந்தும் இது உவமையணி ஆகாது. இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் புலவர் தம் கருத்தைக் காரணமாக ஏற்றியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அந்த நிகழ்ச்சியின் உண்மையான காரணத்தை நாமே ஒரு தொடரில் சொல்லிப் பார்ப்பது நல்லது.

புகழ்வது போல இகழ்வது வஞ்சப் புகழ்ச்சி அணி. அதை அறிய, புகழுக்குச் சொல்லும் காரணத்தைப் பார்க்க வேண்டும். "தேவர் அனையர் கயவர்" என்று தொடங்கும் குறள் முதலில் பாராட்டுப் போலவே ஒலிக்கும். "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்", அதாவது அவர்களும் தாம் விரும்பியதையே செய்து நடப்பதால் என்று காரணம் வந்ததும், கட்டுப்படுத்துவார் இல்லாத கயவரின் போக்கைத்தான் குறள் இகழ்கிறது என்பது விளங்கிவிடும்.