பாராளுமன்றத்தில எங்கட ஊர்க் கேள்வியும் வரவேணுமெண்டா

முதல்ல உங்கட எம்பி ஆர் எண்டு சரியாத் தெரிஞ்சு வையுங்கோ. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூண்டும் சேந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம், அதுக்கு 6 பேர். கிளிநொச்சியும் வன்னி மண்தான், ஆனா வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்ள போகுது, அக்கராயன் ஆக்கள் வன்னி எம்பிக்குக் கடிதம் போட்டிட்டு மாதக்கணக்கா பதிலுக்கு காத்துக்கொண்டு இருந்ததை நான் கண்டனான். மற்றது, நீங்கள் வாக்குப் போடாத கட்சிக்காரர் எண்டாலும் அவரும் உங்கட எம்பிதான். ஒருத்தர் கேக்காட்டி மற்றவரிட்ட போங்கோ.

அமர்வு அனேகமா மாதத்தில ரெண்டு கிழமை, செவ்வாய் துவங்கி வெள்ளி வரை, காலமை 9.30க்கு. பாராளுமன்ற இணையத்தளத்தில தமிழ்ப் பக்கம் இருக்கு, அதில ஒழுங்குப் பத்திரத்தை எடுத்துப் பாத்தா அண்டைக்கு என்னென்ன வருது எண்டு தெரியும். எங்கட சனம் பேஸ்புக்கில வாற ரெண்டு நிமிச வீடியோவைப் பாத்திட்டு "அண்ணன் நல்லாக் கதைச்சார்" எண்டு விட்டிடுது, கதைச்சு முடிஞ்சாப் பிறகு நாங்கள் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை, அதுக்கு முதல்தான் எங்கட வேலை இருக்கு.

அந்த வேலை கேள்வி எழுதிக் குடுக்கிறது. எம்பி அமைச்சரிட்ட வாய்மூல விடைக்கு, எண்டா சபையிலயே வாயால பதில் சொல்லுறதுக்கு, கேள்வி குடுக்கலாம், குடுத்தா அது அச்சில ஏறும், அமைச்சர் தவணை கேட்டாலும் கேள்வி சாகாது. எங்கட குளத்துத் துருசு, தண்ணி திறந்து விடுற மதகு, உடைஞ்சு தண்ணி வீணாப் போன நேரம் கமக்காரர் அமைப்பால முதல் எழுதின கடிதத்தில "எமது குளம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது, ஆவன செய்யவும்" எண்டுதான் இருந்தது, அதை வச்சு எந்த எம்பியும் ஒண்டும் கேக்கேலாது. பிறகு திருப்பி எழுதினம்: குளத்தின்ர பேர், கிராம சேவகர் பிரிவு, எத்தினை ஏக்கர் வயல் பாயுது, எந்தத் திகதி துருசு உடைஞ்சது, எந்தத் திகதி அறிவிச்சம், கந்தோர்க்காரர் தந்த பதில் கடிதத்தின்ர இலக்கம், கடைசியா ஒரே ஒரு கேள்வி, "திருத்தத்துக்கு காசு ஒதுக்கியிருக்கா, ஒதுக்கினா எவ்வளவு?" ஒரு பக்கத்துக்குள்ள முடிச்சம். அதை எம்பியின்ர செயலாளர் வாசிச்சிட்டு அதிலயே பேனையால கோடு போட்டு எடுத்து வச்சதை என்ர கண்ணால பாத்தன்.

எழுத முதல் குளம் ஆரின்ர பொறுப்பு எண்டு கட்டாயம் விசாரியுங்கோ. 80 ஹெக்டயருக்குக் குறைவா, ஏறத்தாழ 200 ஏக்கருக்குள்ள பாயிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களம், பெரிசுகளில சிலது மத்திய நீர்ப்பாசனம், சிலது மாகாண நீர்ப்பாசனம். மாகாணத்தின்ர குளம் எண்டா கொழும்பு அமைச்சர் "அது என்ர விடயமில்லை" எண்டு ஒரு வரியில முடிச்சிடுவார். அந்தக் கேள்வி போகவேண்டிய இடம் வடக்கு மாகாண சபை, 2013இல 38 பேரோட வந்த சபை, 2018 ஒக்டோபரோட காலம் முடிஞ்சது, பிறகு தேர்தலே வைக்கேல்லை, ஆளுநர்தான் நடத்திறார். எனக்கு இது உண்மையாவே நோகுது, மாகாண சபை கூடின கைதடியில கேக்கவேண்டிய கேள்வியைக் கேக்க ஆளில்லை. இப்போதைக்கு கச்சேரியில நடக்கிற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு அதைக் குடுங்கோ, எம்பிமாரும் அங்க வருவினம்.

கணக்கு கையில இல்லையெண்டா தகவலறியும் உரிமைச் சட்டத்தில, 2016 இலக்கம் 12, விண்ணப்பம் போடுங்கோ. தாறதோ இல்லையோ எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். அதில வந்த தொகையை வச்சுக் கேட்டா அமைச்சராலயும் சுத்தேலாது.

வரவு செலவுத் திட்ட நேரத்தைத் தவற விடாதேங்கோ. இரண்டாம் வாசிப்பு முடிஞ்சு குழுநிலை விவாதம் வரும், ஒவ்வொரு அமைச்சுக்கும் நாள் குறிச்சிருப்பினம். யானை வேலி எண்டா வனசீவராசிகளைப் பாக்கிற அமைச்சின்ர நாள், காணி எண்டா காணியைப் பாக்கிற அமைச்சின்ர நாள், அதுக்கு ஒரு கிழமைக்கு முதலே கடிதம் எம்பியின்ர கையில இருக்கவேணும், அண்டைக்குக் காலமை வாட்ஸ்அப்பில அனுப்பிப் பிரயோசனமில்லை.

தனிப்பட்ட அநியாயம் எண்டா, உதாரணத்துக்கு ஓய்வூதியம், காணி உறுதி போல, பொதுமனு இருக்கு. அதையும் எம்பி மூலம்தான் குடுக்கவேணும், பொதுமனுக்கள் பற்றிய குழு அதிகாரிமாரைக் கூப்பிட்டு விசாரிக்கும். பாராளுமன்றத்தில பார்வையாளர் கலரியில இருந்து நேர பாக்க விருப்பமெண்டா முதலே அனுமதி எடுத்து, அடையாள அட்டையோட போங்கோ, போனை உள்ளுக்க விடமாட்டினம்.

பதில் வந்ததெண்டா ஹன்சாட்டில, சபையில கதைச்சதை அச்சடிக்கிற அறிக்கையில, தேடி எடுங்கோ. கதைச்ச மொழியிலதான் அதில போடுவினம், அமைச்சர் சிங்களத்தில சொன்னா சிங்களம் தெரிஞ்ச ஒராளிட்ட வாசிப்பிச்சு, திகதியையும் பக்க இலக்கத்தையும் குறிச்சு, ரெண்டு பிரதி அடியுங்கோ. ஒண்டு அமைப்பின்ர பைலுக்கு, மற்றது உங்கட பிரச்சினைக்குப் பொறுப்பான கந்தோர் மேசைக்கு.