நெடும்பயண பைக்குக்கு டயர் வாங்குவது எப்படி? டாமினார் 400-ஐ முன்வைத்து ஒரு செய்முறை

டயர் மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எந்த கம்பெனி நல்லது?" என்பதுதான். என்னைப் பொறுத்தவரை அது ஐந்தாவது கேள்வி. என் வண்டி டாமினார் 400 என்பதால் அதன் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டி வேறு என்றால் எண்கள் மாறும், வழி மாறாது.

1. பழைய டயரைப் படியுங்கள்

வண்டியின் பின்னால் உட்கார்ந்து டயரை நேராகப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் பலகைபோல் தட்டையாகியிருந்தால் நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் நேரான நான்குவழிச் சாலை. சென்னை–திருச்சி சாலையில் அடிக்கடி போய்வருபவர்களின் டயர் இப்படித்தான் இருக்கும். ஓரங்களும் சேர்ந்து தேய்ந்திருந்தால் மலைப்பாதைகளில் நன்றாகச் சாய்த்து ஓட்டுகிறீர்கள். நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை உங்கள் வாயைவிட டயர் சரியாகச் சொல்லும்.

2. அளவு

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

டாமினாரில் முன்சக்கரம் 110/70 R17, பின்சக்கரம் 150/60 R17. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம், ஆனால் அது மில்லிமீட்டர் அல்ல. அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 150-இல் 60 சதவீதம் என்றால் 90 மி.மீ. R என்பது ரேடியல் வகை, அதாவது உள்ளிருக்கும் நூலிழைகள் டயரின் குறுக்கே நேராக ஓடும் வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

"150/70 போடுங்கள், வண்டி கம்பீரமாக இருக்கும்" என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 அங்குலம் என்பது சுமார் 432 மி.மீ. 150/60-இன் மொத்த விட்டம் 432 + 90 + 90, அதாவது 612 மி.மீ. 150/70-இல் பக்கச்சுவர் 105 மி.மீ. ஆகிவிடுவதால் மொத்தம் 642 மி.மீ. கிட்டத்தட்ட 5 சதவீதம் பெரிய சக்கரம். பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி திரும்பும் விதம் மாறும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இரு சக்கரங்களின் சுழல்வேகத்தை ஒப்பிட்டே வேலை செய்கிறது; அந்த விகிதத்தைக் கலைப்பானேன்?

160/60 போட்டால் விட்டம் அவ்வளவாக ஏறாது. ஆனால் 150-க்கான ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் அதன் ஓரங்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, வளைவு வடிவம் கெடும். செயினுக்கும் டயருக்கும் இடையே இருக்கும் இடைவெளியும் குறையும். கம்பெனி கொடுத்த அளவிலேயே நில்லுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன்.

3. சுமைக் குறியீடு

அளவுக்குப் பக்கத்தில் 66H என்பதுபோல் இருக்கும். 66 என்றால் அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும், H என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. வேகத்தை விடுங்கள், எடையைப் பாருங்கள். பின்னால் ஒருவரையும் இரண்டு பக்கப்பைகளையும் ஏற்றினால் பெரும்பகுதி பாரம் பின்சக்கரத்துக்குத்தான் போகிறது. 62 என்று இருந்தால் 265 கிலோதான். குறைத்து வாங்காதீர்கள்.

4. பிறந்த தேதி

பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். சில டயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மறுபக்கம் பார்த்துவிட்டு "தேதியே இல்லை" என்று நினைக்க வேண்டாம்.

வெளிநாட்டு டயர் வாங்குபவர்கள் இதை இருமுறை பார்க்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வரத்து சீராக இல்லாத பொருள் கிடங்கில் தங்கும். நான் ஒரு வருடத்துக்கு மேற்பட்டதைத் தொடமாட்டேன், தள்ளுபடி கொடுத்தாலும்.

5. இப்போது கம்பெனி

நெடுஞ்சாலைதான் அதிகம் என்றால், நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் கொண்ட இரட்டைக் கலவை டயர். மழையில் பயணம் செய்பவர் மிஷ்லின் ரோடு 5-ஐப் பார்க்கலாம், விலை கடிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காகவே வண்டி வைத்திருப்பவருக்கு அப்பல்லோ ஆல்ஃபா எச்1 பிடிக்கும். கட்டம் கட்டமாக ஆழப் பள்ளம் வெட்டிய காட்டுப்பாதை டயர்கள் படத்தில் அழகு. தார்ச்சாலையில் நாள் முழுக்க உறுமிக்கொண்டே வரும். வருடத்தில் ஒருநாள் மண்பாதைக்காக அந்தச் சத்தத்தை நான் சகித்துக்கொள்ள மாட்டேன்.

6. மாட்டுவது

டயர் கழற்றும் இயந்திரம் உள்ள கடைக்கே போங்கள். இரும்பு நெம்புகோலால் அலாய் ரிம்மின் விளிம்பு கீறப்பட்டால் டியூப்லெஸ் டயரில் காற்று கசியும். பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கச் செய்யும் பேலன்சிங் கட்டாயம்.

காற்றழுத்தத்துக்கு பங்க் மீட்டரை நம்ப வேண்டாம். சொந்தமாக ஒரு டிஜிட்டல் அளவுமானி வாங்கிவிடுங்கள். காலையில், வண்டி ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கி.மீ. வரை சாய்ப்பதும் திடீர் பிரேக்கும் வேண்டாம்.

பின்சேர்க்கை: "பின் டயர் மட்டும் தேய்ந்திருக்கிறது, முன்னது நன்றாக இருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றலாமா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். மாற்றலாம். ஆனால் முன்னால் ரேடியல் இருக்கும்போது பின்னால் சாதா வகை (நூலிழைகள் சாய்வாக ஓடும் பயாஸ் டயர்) போடாதீர்கள். அளவு எழுதியிருக்கும் இடத்தில் R-க்குப் பதிலாக வெறும் கோடு மட்டும் இருந்தால் அது சாதா வகை. கடைக்காரர் "இரண்டும் ஒன்றுதான்" என்று சொன்னாலும் அந்த எழுத்தைத் தேடிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.