மாருதி 800-க்கு வீட்டுலயே கிளட்ச் மாத்துறது

மேடு ஏறுறப்போ இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரல, கூடவே கருகுன வாடை அடிக்குதுன்னா கிளட்ச் போச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க, முதல்ல பெடலை கையால அமுக்கி பாருங்க. கொஞ்சம்கூட ப்ளே (லேசா சும்மா அமுங்குற இடைவெளி) இல்லாம விறைப்பா இருந்தா கேபிள்தான் டைட்டா இருக்கு, அதை லூஸ் பண்ணி ஓட்டி பாருங்க, நிறைய வண்டிக்கு அதோட சரியாயிடும். அப்பவும் ஸ்லிப் ஆனா கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்.

கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதிச்சா பிரஷர் பிளேட்டை தள்ளி விடுற ரிலீஸ் பேரிங் மூணையும் செட்டா வாங்கிடுங்க. பேரிங்கை மட்டும் விட்டுட்டு அது ஆறு மாசத்துல கத்த ஆரம்பிச்சா மறுபடி இதே வேலை முழுசும் செய்யணும். 2014-லயே இந்த வண்டி தயாரிப்பு நின்னுடுச்சு, ஆனா சென்னைல இருந்தா ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல கேட்டு பாருங்க.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது, ஸ்டாண்டு ரெண்டு கண்டிப்பா வேணும், கூட ஒரு ஆளும் வேணும். பேட்டரி கழட்டி, கியர் ஆயிலை வடிச்சு, கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் ராடு, ஸ்டார்ட்டர் மோட்டார், ரெண்டு பக்க ஆக்சில்னு வரிசையா கழட்டுங்க, ஆக்சிலை உருவுறப்போ ஆயில் சீல் கிழியாம பாத்துக்கங்க. இன்ஜினுக்கு அடியில பலகை வெச்சு முட்டு குடுத்துட்டு அப்புறம்தான் மவுண்ட் போல்ட்டை தொடணும்.

பழைய பிளேட் தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, அது நுரையீரலுக்கு போனா ரொம்ப கெடுதல், ஈரத்துணியால துடைங்க. பிளேட்ல ஆயில் பட்டிருந்தா இன்ஜின் பக்கம் கிராங்க் ஆயில் சீலோ, கியர்பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாப்ட் சீலோ லீக் ஆகுதுன்னு அர்த்தம், எதுன்னு பாத்து அதை மாத்தாம புது பிளேட் போட்டா பணம் வீண். பிளேட் ஒட்டி நிக்கிற இன்ஜின் பக்க சக்கரமான பிளைவீல்ல ஆழமா கோடு, வெடிப்பு, நீலம் பாரிச்ச இடம் இருக்கான்னும் பாருங்க.

இப்போ முக்கியமான கட்டம். பிளேட்டோட ஸ்பிரிங் புடைச்சிருக்க பக்கம் கியர்பாக்ஸ் பக்கம் வரணும், நான் முதல் தடவை திருப்பி மாட்டிட்டு எல்லாம் பூட்டின அப்புறம் கிளட்ச்சே பிரியல, ஒரு நாள் முழுக்க வீணாச்சு. பிளேட்டை நடுவுல நிறுத்துற குச்சி மாதிரியான அலைன்மென்ட் டூலை சொருகி, பிளேட் நட்ட நடுவுல இருக்கறப்போதான் பிரஷர் பிளேட் போல்ட்டை எதிர் எதிரா, கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும், ஒண்ணை மட்டும் முழுசா முறுக்கினா கவர் கோணிடும். கியர்பாக்ஸ் ஷாப்ட் ஸ்பிளைன்ல (பிளேட்டுக்குள்ள போற பல்லு பல்லான பகுதி) லேசா கிரீஸ் தடவுங்க, அதிகமா வெச்சா தெறிச்சு பிளேட்ல ஒட்டும்.

கியர்பாக்ஸ் ஏத்துறப்போ பொறுமை வேணும். உள்ள போகலன்னா போல்ட்டை முறுக்கி இழுக்காதீங்க, ஹவுசிங் உடைஞ்சிடும், டாப் கியர்ல போட்டு ஆக்சில் போற இடத்துல லேசா திருப்பிக்கிட்டே தள்ளினா ஸ்பிளைன் தானா உக்காரும். அதுவரைக்கும் கியர்பாக்ஸ் வெயிட்டை பிளேட் மேல தொங்க விடாம அந்த இன்னொரு ஆள் தாங்கி பிடிக்கணும்.

எல்லாம் பூட்டி, கியர் ஆயில் மறக்காம ஊத்தி, கேபிள்ல ப்ளே வெச்சு, ஸ்டாண்டுல இருந்து இறக்கறதுக்கு முன்னாடியே ரிவர்ஸ் சத்தமில்லாம விழுதான்னு பாத்துக்கங்க. முதல் 500 கிலோமீட்டர் அரை கிளட்ச்ல நிறுத்தாம, அதிக பாரம் ஏத்தாம ஓட்டுங்க.