மேற்கோளில் ஒட்டிக்கொண்ட இனிஷியல்

பெங்களூரு அல்சூரில் அறை எடுத்துத் தங்கி ஆய்வேடு எழுதுகிறேன். மேற்கோள்களுக்கு, அதாவது எந்த நூலிலிருந்து எடுத்தது என்று காட்டும் குறிப்புகளுக்கு, ஜோட்டெரோ என்ற மென்பொருள். அவற்றை எழுதும் நடை ஏபிஏ என்ற விதித்தொகுப்பின் 7ஆம் பதிப்பு. அதில் வரிக்கு நடுவே ஆசிரியரின் கடைசிப் பெயரும் ஆண்டும் வந்தால் போதும். ஒரே ஒரு தமிழ் ஆசிரியருக்கு மட்டும் எல்லா இடத்திலும் இனிஷியலும் சேர்ந்து வந்தது.

நடையை மாற்றிப் பார்த்தேன், மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன். மூன்று நாள் வீண்.

விஷயம் நம் பெயர் வழக்கத்தில் இருந்தது. அவருடைய ஒரு கட்டுரைப் பதிவில் இனிஷியல் மட்டும். இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. இரண்டு பேர் என்று ஜோட்டெரோ எடுத்துக்கொண்டது. ஒரே கடைசிப் பெயரில் வெவ்வேறு முதலாசிரியர்கள் இருந்தால் இனிஷியல் சேர்ப்பது ஏபிஏ விதிதான், அதனால் அது செய்தது சரி. என் பதிவுகள்தான் தவறு. இரண்டையும் ஒரே மாதிரி திருத்தி, வேர்டில் 'ரெஃப்ரெஷ்' கொடுத்தேன். போய்விட்டது.

ஆனால் இரண்டு பத்திகளில் மட்டும் இனிஷியல் அப்படியே நின்றது. அவை தோழியின் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியவை. அந்த மேற்கோள்களின் விவரம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். ஜோட்டெரோவில் என் பதிவுகள் இருக்கும் நூலகத்தில் திருத்தினால் அங்கே எட்டாது. மேற்கோளைத் திறந்து பெயரை அழுத்தும்போது 'ஓப்பன் இன் மை லைப்ரரி' பொத்தான் வராவிட்டால் அதுதான் அடையாளம். அந்த இரண்டையும் நீக்கிவிட்டு என் நூலகத்திலிருந்தே செருகினேன். அப்புறம் அந்த எழுத்து எங்கும் வரவில்லை.