ஃபேன் சுத்துனா எஸ்எம்பிஎஸ் ஓகேன்னு அர்த்தம் இல்லீங்க

போன மழைக்கு எங்க ஏரியால கரண்ட் போறதும் வர்றதுமா இருந்துச்சு, மறுநாள் கம்ப்யூட்டர் ஆனே ஆகல. கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், எஸ்எம்பிஎஸ்ல, அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டில, ஒரு கம்பியைச் சொருகுனாரு, ஃபேன் சுத்துச்சு, "எஸ்எம்பிஎஸ் நல்லாருக்கு சார், மதர்போர்டுதான் போச்சு"ன்னுட்டாரு. ரெண்டே நிமிஷம்.

வீட்டுக்கு வந்து நானே செக் பண்ணேன். அதை எப்படின்னு சொல்றேன். வோல்டேஜ் அளக்கற மல்டிமீட்டர் கண்டிப்பா வேணும்.

முதல்ல கரண்ட் வயரைப் பிடுங்கிட்டு போர்டு, ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டுன்னு எல்லாத்துலேருந்தும் எஸ்எம்பிஎஸ் வயரைக் கழட்டிடுங்க. பழைய எஸ்எம்பிஎஸ்னா பின்னாடி 115/230ன்னு ஒரு செவப்பு ஸ்விட்ச் இருக்கும், அது 230லயே இருக்கணும்.

இப்ப கரண்ட் வயரை மட்டும் மாட்டி ஆன் பண்ணுங்க, ஃபேன் சுத்தாது, பயப்படாதீங்க. மீட்டரை டிசி 20ல வெச்சு கறுப்பு ப்ரோபை, போர்டுல மாட்டற பெரிய 24 பின் கனெக்டர்ல ஏதாவது ஒரு கறுப்பு வயர்லயும் செவப்பு ப்ரோபை ஊதா வயர்லயும் வைங்க. 5 வோல்ட் வரணும், இது கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்தாலும் எப்பவுமே வர்ற ஸ்டான்ட்பை. இங்கயே ஜீரோன்னா பவர் கேபிளை மாத்திப் பாருங்க, அப்பவும் வரலன்னா எஸ்எம்பிஎஸ் காலி, மேல போகவே வேணாம்.

வந்துச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு ஒரு ஜெம் கிளிப்பை யூ மாதிரி வளைச்சு, நடுவுல இன்சுலேஷன் டேப் சுத்தி, ஒரு முனையைப் பச்சை வயர் ஓட்டையிலயும் இன்னொன்னைப் பக்கத்துக் கறுப்புலயும் சொருகுங்க. நாம பவர் பட்டனை அமுக்குறப்ப போர்டு செய்யறதே இதுதான், பச்சையை கிரவுண்டோட, அதாவது கறுப்பு வயரோட சேக்குது, அவ்ளோதான். எல்லா வயரும் கறுப்பா இருக்கற மாடல்னா குத்துமதிப்பா சொருகிடாதீங்க, மேனுவல்ல பின் படம் பாத்து 16ஐயும் 17ஐயும் சேருங்க.

லோடுக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கோ கேபினெட் ஃபேனோ மாட்டிட்டு ஆன் பண்ணுங்க. சில புது மாடல்ல லோடு கம்மியா இருந்தா உள் ஃபேன் சுத்தாமலே கிடக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கறுப்பு ப்ரோபைக் கறுப்பு வயர்லயே வெச்சுட்டு, ஒவ்வொரு கலர் வயர்லயும் எத்தனை வோல்ட் வருதுன்னு மீட்டரைப் பாருங்க:

மஞ்சள்: 11.4லேருந்து 12.6
செவப்பு: 4.75லேருந்து 5.25
ஆரஞ்சு: 3.14லேருந்து 3.46
சாம்பல்: 5 வோல்ட் பக்கம்

என்னோடதுல ஃபேன் ஜம்முனு சுத்துது, ஆனா மஞ்சள்ல 10.4தான் நிக்குது, சாம்பல்ல ஒண்ணுமே இல்ல. "வோல்டேஜ் எல்லாம் சரியா இருக்கு, நீ ஆரம்பிக்கலாம்"னு போர்டுக்குச் சொல்ற வயரே அந்த சாம்பல்தான். அது வரலன்னா போர்டு பாவம் என்ன பண்ணும்? ஃப்ரெண்டோட எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டுனேன், உடனே பூட் ஆயிடுச்சு.

செத்த எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கழட்டி நோண்டாதீங்க, பிளக்கைப் பிடுங்குனாலும் உள்ள இருக்கற பெரிய கெபாசிட்டர் தூக்கி அடிக்கும். அப்புறம், கேம் ஆடும்போது மட்டும் ஆஃப் ஆகுதுன்னா அது ஃபுல் லோடுல வர்ற கோளாறு, இந்த டெஸ்ட்ல சிக்காது, வேற எஸ்எம்பிஎஸ் மாட்டித்தான் பாக்கணும்.